சின்ன பிஸ்டல் கழற மறுக்கிறதா? அறிகுறி வாரியாக என்ன செய்யலாம்

பாக்கெட்டிலோ இடுப்பிலோ மறைத்து வைத்துக்கொள்ளும் சிறிய பிஸ்டலைச் சுத்தம் செய்ய உட்காருகிறவர்கள், துடைக்கிற வேலையில் திணறுவதில்லை. அதற்கு முன்னால், கழற்றுகிற கட்டத்திலேயே சிக்கிக்கொள்கிறார்கள். பாகங்களைப் பிடித்திருக்கும் பின் (ஊசிபோன்ற குறுக்குக் கம்பி) வெளியே வரவில்லை, லிவர் திரும்பவில்லை, ஸ்லைடு, அதாவது மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம், பாதி தூரம் நகர்ந்து அப்படியே நின்றுவிட்டது. அடுத்ததாகக் கை சுத்தியலையோ இடுக்கியையோ தேடும். அங்கேதான் பிஸ்டல் கெடுகிறது. சில வீடுகளில் அதைவிட மோசமானதும் நடக்கிறது.

கழறாத பிஸ்டலுக்குப் பெரும்பாலும் பலம் தேவையில்லை. ஸ்லைடு நிற்கிற இடம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தவறியிருக்கும், அவ்வளவுதான். கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது பற்றியது.

அமெரிக்காவில் அதிகம் புழங்கும் நான்கு பிஸ்டல்களை எடுத்துக்கொள்கிறேன். 2008-இல் வந்த ரூகர் எல்.சி.பி. (.380 தோட்டா), 2012-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு, 2015-இல் வந்த க்ளாக் 43, 2018-இல் வந்த சிக் பி365. பின்னால் சொன்ன மூன்றையும் 9 மி.மீ. அளவில் எடுத்துக்கொள்ளலாம். வேறு பிஸ்டல் என்றாலும் இந்த நாலு முறைகளில் ஏதோ ஒன்றை ஒட்டித்தான் பெரும்பாலும் இருக்கும். உங்கள் பிஸ்டலின் கையேடு தொலைந்திருந்தால் தயாரிப்பாளரின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். இதைப் படித்தாலும் அதையும் படியுங்கள்.

இதை எழுதத் தூண்டிய காரணம் ஒன்று உண்டு. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லாத பெரும்பாலோர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். லைசென்ஸ் வேண்டாம் என்றதும் பலர் வகுப்புக்கும் போவதில்லை. கடையில் வாங்கி, நேரே வீட்டுக்குக் கொண்டுவந்து, கழற்றுவதை யாரும் கண்முன் காட்டித்தராமல் தாங்களே முயல்கிறார்கள். இன்னொன்றையும் நம்மவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் நண்பர் சொன்னதை நம்பி அதில் இறங்காதீர்கள். வக்கீலிடம் கேளுங்கள்.

எந்த அறிகுறிக்கும் முன்னால்

மேகசினை, அதாவது தோட்டாக்கள் அடுக்கிய கூட்டை, முதலில் எடுங்கள். அதன் பிறகே ஸ்லைடைப் பின்னால் இழுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்தால் சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறை) இருந்த தோட்டா வெளியே விழும், கை எடுத்ததும் மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிவிடும். விழுந்த தோட்டாவைப் பார்த்து “காலியாகிவிட்டது” என்று நம்பி, பிறகு மேகசினை எடுப்பவர் கையில் இருப்பது தோட்டா ஏறிய துப்பாக்கி.

ஸ்லைடைப் பின்னால் பூட்டி நிறுத்துங்கள். வெளிச்சத்தில் சேம்பரைப் பாருங்கள். பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். கண் பார்க்க நினைத்ததைப் பார்த்துவிடும். விரல் அப்படி ஏமாறாது. மேகசின் நுழையும் குழியையும் அதேபோல் தடவுங்கள். எடுத்த தோட்டாக்கள் எல்லாவற்றையும் வேறு அறையில் வையுங்கள். மேசை ஓரத்தில் வைத்தால் போதாது.

பிஸ்டலின் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதும் இங்கே முக்கியம். அமெரிக்க வீடுகளின் உள்சுவர் பெரும்பாலும் ஜிப்சம் பலகை. 9 மி.மீ. தோட்டா அதைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும். வாய் வரை மணல் நிரப்பிய ஒரு பெரிய வாளியைத் தரையில் வைத்து, பிஸ்டலின் வாய் அதையே பார்க்கும்படி வேலை செய்வது நல்ல பழக்கம்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் க்ளாக். அதைக் கழற்ற ட்ரிகரை ஒருமுறை இழுத்தே ஆக வேண்டும். சேம்பரில் தோட்டா இருந்தால் அது வெடிக்கும். சுத்தம் செய்யும்போது நடக்கிற விபத்துகளில் இது தெரிந்த வழி. சிக் பி365-க்கு ட்ரிகரைத் தொடவே வேண்டாம், எல்.சி.பி.க்கும் வேண்டாம். ஆனால் சரிபார்ப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

ஸ்லைடை இழுக்கவே வரவில்லை, அல்லது பின்னால் நிற்க மாட்டேன் என்கிறது

பிஸ்டல் சின்னது, ஸ்பிரிங் மட்டும் ஏன் இவ்வளவு கடினம் என்று பலருக்கு வியப்பு. சின்னதாக இருப்பதால்தான் கடினம். ஸ்லைடு எடை குறைவு, அது பின்னால் ஓடும் தூரமும் குறைவு. அந்தக் குறைந்த எடையையும் தூரத்தையும் வைத்து வெடிப்பின் உதையைத் தாங்க ஸ்பிரிங் வலுவாக இருந்தாக வேண்டும். பெரிய பிஸ்டல் இழுக்கச் சுலபமாக இருப்பதும் இதனால்தான்.

ஸ்லைடின் பின்பக்கத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி இழுக்காதீர்கள். இடது உள்ளங்கையை ஸ்லைடின் மேல் கவிழ்த்து நாலு விரலாலும் இறுகப் பிடியுங்கள். தோட்டா உறை வெளியேறும் துவாரத்தை உள்ளங்கை மூடாமலும், கை வாய்க்கு முன்னால் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்லைடை அசையாமல் பிடித்துக்கொண்டு, வலது கையால் கைப்பிடியை முன்னால் தள்ளுங்கள். இழுப்பதைவிடத் தள்ளுவதில் தோள் பலம் சேரும். உடம்போடு ஒட்டி வைத்துச் செய்தால் இன்னும் சுலபம், ஆனால் அப்படிச் செய்யும்போது வாய் பக்கவாட்டில் திரும்பிவிடும், கவனம்.

எல்.சி.பி.யின் முதல் மாடலில் கடைசித் தோட்டா தீர்ந்ததும் ஸ்லைடு தானாகப் பின்னால் நிற்காது. இடப்பக்கம் ஒரு குட்டி லிவர் இருக்கும். ஸ்லைடை முழுக்க இழுத்து வைத்துக்கொண்டு கட்டைவிரலால் அதை மேலே தள்ளினால்தான் பூட்டும். இது பழுது இல்லை, அமைப்பே அப்படி.

ஸ்லைடு ஒரு மயிரிழைகூட நகரவில்லை, அதோடு சேம்பர் காலியா என்று உறுதியாகத் தெரியவில்லை என்றால், இதற்கு மேல் படித்து எதையும் முயல வேண்டாம். உள்ளே தோட்டா சிக்கியிருக்கலாம். மேசை விளிம்பில் இடிப்பதும் சுத்தியலால் தட்டுவதும் உயிருக்கு ஆபத்து. வாயைப் பத்திரமான திசையில் வைத்து, கன்ஸ்மித் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) ஒருவருக்குப் போன் செய்து, தோட்டா ஏறியிருக்கக் கூடும் என்பதை முதலில் சொல்லி, எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள். அப்படியே கடைக்குள் எடுத்துக்கொண்டு நுழையாதீர்கள்.

எல்.சி.பி.: பக்கவாட்டுப் பின் வரவில்லை

அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான், அதனால் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

எல்.சி.பி.யில் திருப்பும் லிவர் கிடையாது. இடப்பக்கம் ஃபிரேமில், அதாவது கைப்பிடியோடு சேர்ந்த அடிப்பாகத்தில், ஒரு பின்னின் தலை தெரியும். அதன் ஓரத்தில் சின்ன ஸ்க்ரூடிரைவர் நுழைய இடம் விட்டிருப்பார்கள். அந்தப் பின் பேரலின் (குழலின்) அடிப்பாகத்தில் உள்ள வெட்டின் வழியாகக் குறுக்கே போகிறது. ஸ்லைடு முழுக்க முன்னால் மூடியிருக்கும்போது ஸ்பிரிங்கின் அழுத்தம் பேரல் வழியாக அந்தப் பின்மேல் வந்து இறங்கும். காற்று தள்ளிக்கொண்டிருக்கிற கதவில் தாழ்ப்பாள் நகராது. கதவைக் கொஞ்சம் உள்ளே இழுத்துப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு வரும். இதுவும் அதேதான்.

ஸ்லைடை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் பின்னால் நகர்த்துங்கள். அதற்கு மேல் போனால் பேரல் கீழே சாயத் தொடங்கி, பின்னை வேறு பக்கத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். பலர் பலமாக, அதாவது ஒரு சென்டிமீட்டர் இழுத்துவிட்டு, “இழுத்தும் வரவில்லையே” என்பார்கள். மிகக் கொஞ்சம் இழுங்கள்.

இதற்கு மூன்று கை வேண்டும்போல் தோன்றும், ஆனால் இரண்டே போதும். பிஸ்டலின் இடப்பக்கம் உங்களைப் பார்க்க, வாய் இடப்புறம் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். வலது கையின் நாலு விரலையும் ஸ்லைடின் மேலாகப் போட்டு, கட்டைவிரலைக் கைப்பிடியின் பின்புறத்தில் ஊன்றி, முஷ்டி மடக்குவதுபோல அழுத்துங்கள். ஸ்லைடு கொஞ்சமாகப் பின்னால் வரும். எவ்வளவு என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். இந்தப் பிடியில் எந்த விரலும் ட்ரிகர் பக்கம் போகாது என்பது கூடுதல் நன்மை. இடது கையில் ஸ்க்ரூடிரைவர். முனையைப் பின் தலைக்கு அடியில் வைத்து லேசாக நெம்பிக்கொண்டே, வலது முஷ்டியை மெதுவாக இறுக்கித் தளர்த்துங்கள். ஏதோ ஒரு இடத்தில் பின் சட்டென்று எழும்பும். அந்த இடத்தைக் கை ஒருமுறை உணர்ந்துவிட்டால் அடுத்த முறை தேட வேண்டியிருக்காது.

நெம்பும் இடத்தைச் சுற்றி ஃபிரேமில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். ஃபிரேம் பிளாஸ்டிக், ஸ்க்ரூடிரைவர் நழுவினால் கீறல் நிரந்தரம். பின்னை ஒரு சிறிய கம்பி ஸ்பிரிங் உள்ளிருந்து பிடித்திருக்கும், ஆகவே முதல் ஒரு மில்லிமீட்டர் மட்டும் அடம் பிடிக்கும். அதைத் தாண்டியதும் விரலாலேயே உருவலாம். மறுபக்கத்திலிருந்து சுத்தியலால் தட்டி எடுக்க முயன்றால் அந்தக் கம்பி வளைந்துபோகும். பிறகு சுடும்போது பின் தானாக நகர்ந்து வெளியே வரும் தொல்லை தொடங்கும்.

க்ளாக் 43: ஸ்லைடு முன்னால் வர மறுக்கிறது, அல்லது பாதியில் நிற்கிறது

ட்ரிகருக்கு மேலே ஃபிரேமின் இரு பக்கமும் இரண்டு சிறிய காதுகள்போல் நீட்டிக்கொண்டிருக்கும். அவை தனித்தனி அல்ல; குறுக்கே ஓடும் ஒரே தகட்டின் இரு முனைகள். ஒரு பக்கத்தை மட்டும் கீழே இழுத்தால் தகடு சாய்ந்து சிக்கிக்கொள்ளும். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே அளவு கீழே இழுக்க வேண்டும். எண்ணெய் பட்ட விரலில் இது வழுக்கும், கையைத் துடைத்துக்கொண்டு நகத்தால் பிடியுங்கள்.

முன்பு சொன்னபடி காலி என்று உறுதிசெய்து, ஸ்லைடை மூடி, வாளியை நோக்கி ட்ரிகரை ஒருமுறை இழுத்துவிடுங்கள். பிறகு மேலே எல்.சி.பி.க்குச் சொன்ன அதே பிடி. ஸ்லைடைப் பின்னால் நகர்த்த வேண்டிய தூரம் சுமார் 3 மி.மீ. அங்கே நிறுத்தி, இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரு காதுகளையும் கீழே இழுக்க, ஸ்லைடை முன்னால் விடுங்கள். நகர்த்தாமலே காதுகளை இழுத்தால் அவை அசையாது, ஏனென்றால் பேரலின் கொக்கி அந்தத் தகட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஸ்லைடு கொஞ்சம் முன்னால் வந்து பாதியில் நின்றால் ட்ரிகரைப் பாருங்கள். அது முன்னால் வந்திருந்தால், 3 மி.மீ.க்குப் பதில் அதிகமாக இழுத்துவிட்டீர்கள். உள்ளே ஸ்ட்ரைக்கர் (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி) மறுபடி ஏறிவிட்டது. முன்பே சேம்பரைப் பார்த்துவிட்டோமே என்று அப்படியே ட்ரிகரை அழுத்தாதீர்கள். ஸ்லைடை மறுபடி முழுக்கப் பூட்டுங்கள், கண்ணாலும் விரலாலும் மறுபடி பாருங்கள், மூடுங்கள், வாளியை நோக்கி ட்ரிகரை இழுங்கள். ட்ரிகர் பின்னாலேயே நின்றுவிடும். இப்போது 3 மி.மீ. மட்டும். மூன்று தடவை தவறினால் மூன்று தடவையும் இதே வரிசையில் செய்யுங்கள். எரிச்சல் ஏறிய கை குறுக்குவழி தேடும். அப்படித் தோன்றினால் பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

ஷீல்டு, சிக் பி365: லிவர் திரும்பவில்லை

இவை இரண்டிலும் ஸ்லைடை முழுக்கப் பின்னால் பூட்டிவிட்டு லிவரைக் கால் வட்டம் திருப்ப வேண்டும். திரும்பாவிட்டால் ஸ்லைடு உண்மையிலேயே முழுக்கப் பின்னால் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டாமல் கையால் பிடித்துக்கொண்டு திருப்ப முயன்றால், லிவருக்கு நேராக வர வேண்டிய வெட்டு நேராக வந்திருக்காது.

இடம் சரியாக இருந்தும் இறுக்கமாக இருந்தால், புதுப் பிஸ்டலில் அது சகஜம். லிவரின் தண்டு ஃபிரேமுக்குள் போகும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சில நிமிடம் கழித்து முயலுங்கள். மரக்குச்சி அல்லது நைலான் பஞ்ச் கொண்டு தள்ளலாம். இடுக்கி வேண்டாம்.

ஷீல்டில் ஒரு படி கூடுதல். ஸ்லைடு பின்னால் இருக்கும்போதே, திறந்த துவாரம் வழியாக உள்ளே ஒரு குட்டி நெம்புகோலை மெல்லிய குச்சியால் கீழே தள்ள வேண்டும். அப்படிச் செய்தால் ட்ரிகரை இழுக்காமலே ஸ்லைடு கழலும். “கஷ்டமாக இருக்கிறது, ட்ரிகரை இழுத்தாலும் கழலுமே” என்று சிலர் சொல்வார்கள். கழலும். ஆனால் ட்ரிகரைத் தொடாமல் முடிக்க ஒரு வழி கொடுத்திருக்கும்போது அதைத்தான் பழக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஸ்லைடைத் திரும்ப மாட்டும் முன் அந்த நெம்புகோல் கீழேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்லைடு வந்துவிட்டது, பேரல் வரவில்லை. அல்லது ஸ்பிரிங் பறந்துவிட்டது

வரிசை மாறியிருக்கும். முதலில் ஸ்பிரிங்கும் அதன் நடுக்கம்பியும், பிறகே பேரல். கம்பியின் பின்முனையைக் கொஞ்சம் முன்னால் அழுத்தி மேலே தூக்குங்கள். பேரலை அதன் அடிக்கட்டியைப் பிடித்துச் சற்று முன்னால் தள்ளி, சாய்த்து, பின்பக்கமாக எடுங்கள்.

எல்.சி.பி.யில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங்குகள், கம்பியோடு பிணைக்கப்படாமல் தனியாக இருக்கும். விட்டால் அறையின் மறுகோடிக்குப் போகும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு வேலை செய்யுங்கள். பறந்தாலும் பைக்குள்ளேயே விழும்.

மாட்டும்போது பின் உள்ளே போகவில்லை

எல்.சி.பி.யில் கழற்றுவதைவிட இது அதிக நேரம் தின்னும். பின் நுழையும் துளையை விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். மறுபக்கத் துளை வழியாக வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தால் பின் போகும். பாதி இருட்டாகத் தெரிந்தால் பேரலின் அடிக்கட்டி குறுக்கே நிற்கிறது. ஸ்லைடை அதே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பின்னால் வைத்து, துப்பாக்கி வாயிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பேரல் முனையை முன்னும் பின்னும் லேசாக அசைத்துப் பாருங்கள். காலி என்று பலமுறை பார்த்த, தோட்டா இல்லாத பிஸ்டல்தான். ஆனாலும் விரல் வாய்க்கு நேரே போகாமல் பக்கவாட்டிலிருந்து பிடியுங்கள். வட்டம் முழுசாகத் தெரிந்ததும் பின்னை விடுங்கள். கடைசியில் கம்பி ஸ்பிரிங்கில் ஏறி உட்காரும் சின்னச் சொடுக்கு விரலில் தெரிய வேண்டும். தலை ஃபிரேமோடு சமமாக நிற்க வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் வேலை முடியவில்லை.

ஸ்லைடு கழன்றிருக்கும்போது ட்ரிகரை இழுத்து விளையாடக் கூடாது. தடுக்க ஸ்லைடு இல்லாததால் எல்.சி.பி.யின் ஹேமர் (உள்ளே அடிக்கும் சுத்தியல்) வந்து ஃபிரேமில் மோதும்.

மாட்டியாயிற்று, ஸ்லைடு முழுக்க மூடவில்லை

பெரும்பாலும் கம்பியின் பின்முனை பேரல் அடிக்கட்டியில் உள்ள அரைவட்டப் பள்ளத்தில் உட்காராமல் மேலே ஏறியிருக்கும். கழற்றி, முனை பள்ளத்தில் இருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். அது சரி என்றால், எண்ணெய் அதிகம். மறைத்து வைக்கும் பிஸ்டலில் சேர்வது வெடிமருந்துக் கரி மட்டுமல்ல, துணி நூலும் பாக்கெட் தூசியும் வியர்வையும்தான் அதிகம். எண்ணெய் வழிய விட்டால் அந்த நூல்தூசி குழைந்து களிம்பாகிவிடும். ஸ்லைடு ஓடும் தடங்களில் ஒவ்வொரு சொட்டு, துடைத்தால் மினுமினுப்பு மட்டும் மிஞ்ச வேண்டும்.

சரிபார்ப்பதற்கு: காலிப் பிஸ்டலை வாளியை நோக்கிப் பிடித்து ட்ரிகரை இழுங்கள், ‘க்ளிக்’ கேட்க வேண்டும். ட்ரிகரை விடாமல் ஸ்லைடை ஒருமுறை முழுக்க இழுத்து விடுங்கள். பிறகு ட்ரிகரை மெதுவாக முன்னால் விட்டால் இன்னொரு சிறிய ‘க்ளிக்’. மறுபடி இழுத்தால் மறுபடி ‘க்ளிக்’. இதில் ஏதாவது ஒன்று கேட்கவில்லை என்றால் தோட்டா போடாதீர்கள், கன்ஸ்மித்திடம் காட்டுங்கள். சுத்தம் செய்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். துடைத்த துணியில் ஈயம் இருக்கும்.

திரும்பத் தோட்டா ஏற்றும்போது ஒரு விஷயம். ஒவ்வொரு முறையும் சேம்பரிலிருந்து எடுத்த அதே தோட்டாவை மறுபடி சேம்பரில் ஏற்றினால், அதன் முனை கொஞ்சம் கொஞ்சமாக உறைக்குள் அமுங்கும். உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் அளவு மீறும். அந்தத் தோட்டாவை ஒரு புதுத் தோட்டாவோடு பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். நீளம் லேசாகக் குறைந்திருந்தாலும் அதைச் சுடுவதற்குப் பயன்படுத்தாமல் தனியாக எடுத்து வைத்து, அடுத்த முறை ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சி இடத்துக்கு) போகும்போது அங்கே ஒப்படையுங்கள்.